கொள்ளி, பிரசாதம், ஊதுபத்தி: பினாங்கில் விசுவாசிகள் என்னிடம் அடிக்கடி கேட்பவை

பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. கீழே டயர் கடை. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு படிக்கட்டில் நிற்கும்போதுதான் இந்தக் கேள்விகள் வரும், மேலே பாஸ்டர் முன்னால் யாரும் கேட்பதில்லை. நான் பாஸ்டர் இல்லை. பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன், 22 வயதில் விசுவாசத்துக்கு வந்தேன், நான் பிறந்த வீட்டில் இன்றுவரை விசுவாசி நான் ஒருத்தன்தான். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. ஒரே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பத்துத் தடவை பதில் சொல்லிக் களைத்துப் போய் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் திட்டுகிறார்கள், வேலையிடத்தில் கிண்டல் பண்ணுகிறார்கள். இது உபத்திரவம்தானே அண்ணா?

சில சமயம் ஆமாம். பல சமயம் இல்லை.

நம்ம தமிழ் மண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு சிறை, சித்திரவதை, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் காட்டியது, கடைசியில் 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. புனிதர் பட்டம் எங்கள் சபையில் கிடையாது, ஆனாலும் அந்தக் கதையைப் படித்துவிட்டு ‘ஆபீஸில் என்னை மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை’ என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று. 1 பேதுரு 4:15-ஐப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிறிஸ்தவனாகப் பாடுபடு, வெட்கப்படாதே என்று சொல்வதற்கு ஒரு வசனம் முன்னால், அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைத்துப் பாடுபடாதே என்கிறார் பேதுரு, அதுவும் கொலைகாரன், திருடன் வரிசையில் வைத்து. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, இரட்சிக்கப்பட்ட மூன்றாவது வாரமே அம்மாவின் பூஜை அறையிலிருந்த சாமிப் படங்களைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான். வீட்டை விட்டுத் துரத்தினார்கள். ‘கர்த்தருக்காக வீட்டை இழந்தேன்’ என்று சபையில் எழுந்து சொன்னான், நாங்களும் ஆமென் போட்டோம். இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் உபத்திரவப்பட்டது அவன் அம்மாதான்.

ஆனால் உண்மையானதும் நடக்கிறது. எங்கள் சபைத் தங்கச்சி ஒருத்தியின் வேதாகமத்தை அவள் வீட்டிலேயே கேஸ் அடுப்பில் வைத்து எரித்தார்கள். இன்னொருத்திக்குக் கல்லூரிக் கட்டணம் நிறுத்தப்பட்டது. அவர்கள் யாரையும் சீண்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனார்கள், அவ்வளவுதான். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? நான் ஒன்றும் கெட்டுப் போகவில்லையே?

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய 86 விழுக்காடு இந்துக்கள், கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மை நாம். நம்மைப் பெற்றவர்களும் சிறுபான்மைதான் என்பதை மறந்துவிடுகிறோம். இந்த நாட்டில் அவர்கள் கையில் மிச்சமிருப்பது கோயில், தமிழ்ப்பள்ளி, குடும்பம், இந்த மூன்றும்தான் என்ற எண்ணம் அவர்களுக்கு. பிள்ளை மதம் மாறினால் அதில் ஒன்று இடிந்து விழுகிறது.

அப்புறம் 2005. மலேசியாவின் எவரெஸ்ட் குழுவில் போன மூர்த்தி இறந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று சொல்லி, மனைவி எவ்வளவோ மறுத்தும் உடலை முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு வீடு அதுதான் பேச்சு. ‘மதம் மாறினா பொணம்கூட நமக்கு இல்ல’ என்பது அன்றைக்குப் பதிந்துவிட்டது. நான் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் அப்பா இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘நீ செத்தா உன்னை யாரு எடுத்துட்டுப் போவாங்க?’ என்றுதான் கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை, பைபிளைத் திறந்து நித்திய ஜீவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முட்டாள்தனம். அவர் கேட்டது பிணம் ஏற்றிப்போகிற ஹியர்ஸ் வண்டியைப் பற்றி.

கிறிஸ்தவனாவதில் அந்தச் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, உடல் குடும்பத்துக்குத்தான், பெயர் மாறாது, சொத்து போகாது. இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கும்.

பெயரை மாற்றணுமா?

வேண்டாம். அப்பொல்லோ என்ற பெயருக்குள் கிரேக்கர்களின் தெய்வம் இருக்கிறது, பெபேயாள் பெயரிலும் அப்படித்தான், பவுல் இருவரையும் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார். முருகன் முருகனாகவே இருக்கலாம். மாற்ற ஆசைப்பட்டால் மாற்றுங்கள், ஆனால் அம்மா வைத்த பெயரை அம்மா கூப்பிடும்போது திரும்பிப் பாருங்கள்.

நான் மூத்த பிள்ளை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. கொள்ளி போடணுமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நான் போடவில்லை. அது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைச் செய்த விதத்தில் பாதி தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சித்தப்பாவிடமும் தம்பியிடமும் பேசிவிட்டேன். இதை மட்டும் எல்லாருக்கும் சொல்வேன்: உயிர் இருக்கும்போதே பேசுங்கள். பிணம் கூடத்தில் கிடக்கும்போது, ஐயர் வந்து உட்கார்ந்த பிறகு, ‘நான் செய்ய மாட்டேன்’ என்று சொன்னால் நீங்கள் சொல்கிற எந்த வசனமும் யார் காதிலும் ஏறாது, அது அவமானமாகத்தான் விழும். தம்பி சட்டி தூக்கச் சம்மதித்தான். நான் என்ன செய்வேன் என்றும் முன்பே சொன்னேன்: குளிப்பாட்டுவேன், கோடித் துணி வாங்குவேன், தூக்குவேன், செலவில் பாதி என்னுடையது, பதினாறாம் நாள் வரைக்கும் வீட்டைவிட்டு நகரமாட்டேன்.

அப்பாவைக் குளிப்பாட்டியது நானும் தம்பியும் மாமாவும். தண்ணீரில் மஞ்சள் போட்டிருந்தார்கள். அப்பாவின் இடது கையில் மரம் வெட்டும்போது பட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு, நான் அதைத்தான் துடைத்துக்கொண்டே இருந்தேன், மாமா ‘போதும்டா’ என்று கையை எடுத்துவிட்டார். வாய்க்கரிசி போட வரிசை வந்தபோது நான் போடவில்லை, காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டி, ‘அரிசி போடாதவன் கால மட்டும் புடிச்சு என்ன?’ என்றார். பதில் சொல்லவில்லை. அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தேன்.

பிறகு பேரப்பிள்ளைகளை நெய்ப்பந்தம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மற்றப் பிள்ளைகளோடு அவளும் ஓடினாள். அத்தை அவள் கையில் பந்தத்தைக் கொடுக்கப் போக, நான் கூட்டத்துக்கு நடுவில் கத்திவிட்டேன். மகள் அழுதாள், அத்தை அழுதார், கூடம் முழுக்க அமைதி. இதைப் பற்றி மட்டும் யாரிடமும் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. அத்தையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கொள்ளி போடாததைச் சொந்தக்காரர்கள் என்றைக்கோ மறந்துவிட்டார்கள், கத்தியதை இன்றும் சொல்கிறார்கள். சரிதான் அது.

‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம் பண்ணட்டும்’ என்ற வசனத்தைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்கே போகாமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்கு 7-ஐப் படியுங்கள். கொர்பான் என்று சொல்லி, தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்ற சாக்கில் பெற்றவர்களைக் கைவிட்டவர்களை இயேசு எப்படிக் கிழிக்கிறார் பாருங்கள். சிலுவையில் தொங்கும்போதுகூட அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் அவர் உயிரை விட்டார். சடங்கு செய்யாதவன் என்று சொல்லட்டும், பிள்ளையாக இல்லாதவன் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். கருமாதிக்குக் கூடாரம் போட்டதும் நாற்காலி எண்ணியதும் வெங்காயம் உரித்ததும் நான்தான். பெரியப்பா என்னோடு மறுபடியும் பேச ஆரம்பித்தது அந்த வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

கொள்ளி போட்ட விசுவாசிகளும் எனக்குத் தெரியும். ஒரே பிள்ளை, வேறு ஆளே இல்லை, தாய் சாகும்போது கையைப் பிடித்துக் கேட்டுவிட்டார். மந்திரம் சொல்லாமல் பொத்தானை மட்டும் அழுத்தினார், இப்போதெல்லாம் மின்சுடலைதானே. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், குறை சொல்ல என்னைக் கூப்பிடவும் வேண்டாம்.

பிரசாதம் சாப்பிடலாமா? தீபாவளிப் பலகாரம்?

1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள் முழுக்க இதுதான். கொரிந்து நகரத்துக் கசாப்புக் கடையில் விற்ற இறைச்சியில் எது கோயிலில் படைத்தது, எது படைக்காதது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பவுல் சொன்னது, கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கு, விருந்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு, ஆனால் ஒருவர் ‘இது படைத்தது’ என்று சொல்லிக் கொடுத்தால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்று.

அப்படிப் பார்த்தால் தீபாவளி முறுக்கு முறுக்குதான், தட்டோடு கொண்டுவாருங்கள். சாமிக்குப் படைத்தது என்று சொல்லிக் கையில் வைத்தால் நான் வாங்குவதில்லை. ஆனால் எப்படி மறுக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஏதோ விஷம் மாதிரி முகத்தை வைத்தால், பிள்ளை மதம் மாறினான் என்பதைவிட நம்ம வீட்டுச் சோற்றை அருவருத்தான் என்பதுதான் அம்மாவுக்கு வலிக்கும். ‘அது வேண்டாம்மா, சமையலறையில இருக்கிறதக் குடுங்க, பசிக்குது’ என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை: என் அம்மா வருஷா வருஷம் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் தேவாலயத் திருவிழாவுக்குப் போவார், மெழுகுவத்தி ஏற்றுவார், தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். சீனர்கள், இந்துக்கள் எல்லாரும் போவார்கள், அது பினாங்கு வழக்கம். ஆனால் டயர் கடை மாடிக்கு மட்டும் வரமாட்டார். அன்னம்மாளோடு, அதாவது அந்த செயின்ட் ஆனோடு, அவருக்குத் தகராறு இல்லை, என் ஞானஸ்நானத்தோடுதான் தகராறு.

தைப்பூசத்துக்கு அண்ணன் வீட்டில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். போய் உதவலாமா?

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற பாதையில் அந்த இரண்டு மூன்று நாளும் நடந்துபோகிறவர்களுக்குத் தண்ணீர், மோர், சாப்பாடு. தாகத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில் என்ன விக்கிரக ஆராதனை? நான் ஒரு வருஷம் போய் ஐஸ் தூக்கினேன். இரதம் பந்தலுக்கு முன்னால் வந்து நின்று தேங்காய் உடைக்க ஆரம்பித்ததும் பின்னால் போய்ப் பாத்திரம் கழுவினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் சபையிலேயே சிலர் இதை ஏற்கமாட்டார்கள், பழைய பக்தி திரும்பவும் இழுக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, குறிப்பாகக் காவடி எடுத்துக்கொண்டிருந்து வந்தவர்கள். அவர்கள் போகவே வேண்டாம். அவனவன் தன் மனச்சாட்சிப்படி நடக்கட்டும் என்கிற ரோமர் 14 அதற்குத்தான் இருக்கிறது. எனக்குக் காவடிப் பழக்கம் இல்லாததால் மேளச் சத்தம் வெறும் மேளச் சத்தமாகத்தான் கேட்கிறது.

பொட்டு, பூ, தாலி?

சபைக்குச் சபை வேறு. தமிழ் மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று நான்கு இடத்தில் நான்கு பதில் கிடைக்கும். புதிதாக வந்த மருமகளிடம் முதல் நாளே பூவை எடு என்று சொல்கிற மாமிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண்ணுக்கு முதலில் சாப்பாடு போடுங்கள்.

என் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். பள்ளிச் சபைகூடலில் தேவாரம், சரஸ்வதி பூஜைக்குத் திருநீறு. என்ன செய்வது?

சட்டம் உங்கள் பக்கம்தான். கூட்டரசு அரசியலமைப்பு 12(3) விதிப்படி, தன்னுடையதல்லாத மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் மதத்தைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்று 12(4) சொல்கிறது.

ஆனால் சட்டப் புத்தகத்தோடு தலைமையாசிரியர் அறைக்குள் நுழையாதீர்கள். தமிழ்ப்பள்ளி தள்ளாடித் தள்ளாடி நிற்கிற இடம், அதில் நம் பிள்ளையைச் சேர்த்ததே அந்த ஆசிரியர்களுக்குச் சந்தோஷம். வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, ‘டீச்சர், பாட்டு நேரத்தில் இவள் மரியாதையாக நிற்பாள், பாடமாட்டாள், திருநீறு மட்டும் வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் விஷயத்தில் டீச்சர் சிரித்துவிட்டு, ‘முன்னமே சொல்லியிருக்கலாமே’ என்றார். நானோ ஒரு வாரம் தூங்காமல் வசனம் தேடியிருந்தேன்.

தேவாரத்தின் தமிழ் அழகு என்று பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். அழகுதான்.

முதலாளி சீனர். ஏழாம் மாதப் படையலுக்கு எல்லாரும் ஊதுபத்தி பிடிக்கணும் என்கிறார்.

சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கிற ஏழாம் மாதம், அந்தப் பேய் மாதம் வந்தால் பினாங்கில் தெருவுக்குத் தெரு மேடை, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை படையல். சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் புரிந்துகொள்வார்கள், அவர்கள் வீட்டிலேயே ஒரு தங்கையோ மருமகனோ கிறிஸ்தவராக இருப்பார். நான் மேசை தூக்குவேன், பன்றிக்கறியைக் கடையிலிருந்து எடுத்து வருவேன், ஊதுபத்தி பிடிக்க மாட்டேன். படையல் நடக்கிற அரை மணி நேரம் லைனை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான்.

சில இடத்தில் அது நடக்காது, பிடிக்காவிட்டால் வேலை போகும். அவர்களுக்கு நான் காட்டுவது 2 இராஜாக்கள் 5. தொழுநோய் குணமான நாகமான், எலிசாவிடம் ஒன்று கேட்கிறான்: என் எஜமான் ரிம்மோன் கோயிலில் குனியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வான், நானும் குனிய வேண்டி வரும், இதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று. எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றான். இதை வைத்து எல்லாவற்றுக்கும் குனியலாம் என்று முடிவு கட்டுகிறவர்கள் தானியேல் 3-ஐயும் படிக்கணும், அங்கே மூன்று பேர் குனியாமல் சூளைக்குப் போனார்கள். இரண்டும் ஒரே வேதாகமத்தில்தான் இருக்கிறது. நாகமான் கேட்டான் என்பதைக் கவனியுங்கள், அவனுக்கு உறுத்தியது. உறுத்தாமல் குனிகிறவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மலாய் நண்பர் ஒருவர் இயேசுவைப் பற்றிக் கேட்கிறார். பேசலாமா?

இதில் விளையாடாதீர்கள். அரசியலமைப்பு 11(1) மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, ஆனால் 11(4) முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்கிறது. பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது, சிலாங்கூரில் 1988-இலிருந்து. 2014 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் பேரில்தான் பெட்டாலிங் ஜெயாவில் வேதாகமச் சங்கத்திலிருந்து மலாய், ஈபான் மொழி வேதாகமங்கள் முந்நூற்றுக்கு மேல் எடுத்துச் செல்லப்பட்டன. மலாய் வேதாகமத்தில் கடவுளுக்கு ‘அல்லாஹ்’ என்ற சொல் இருப்பதுதான் தகராறு. தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் இல்லாததால் நம்ம ஆட்களுக்கு இந்த வழக்கெல்லாம் யாரோ வீட்டுத் தகராறு மாதிரி. கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் சகோதரர்களுக்கு அது அவர்கள் ஜெபிக்கிற சொல். தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லில் அழுதவர்கள்.

நண்பர் நேரே கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், ‘நான் இதைத்தான் நம்புகிறேன்’ என்று உங்களைப் பற்றிச் சொல்லலாம், 1 பேதுரு 3:15 சொல்கிற மாதிரி சாந்தத்தோடு. கைப்பிரதி, கூட்டத்துக்கு அழைப்பு, வாட்ஸப் வீடியோ, இதெல்லாம் வேண்டாம். மாட்டிக்கொண்டால் மாட்டுவது நீங்கள் மட்டும் இல்லை, கேட்டவரும், சபையும்.

சிலுவையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவது மறுதலிப்பு இல்லையா?

2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கடைவீட்டுச் சபை ஒன்றின் முன்னால் ஏறத்தாழ ஐம்பது பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடிச் சிலுவையை எடு என்றார்கள், சபையார் எடுத்தார்கள். அந்த வாரம் எங்கள் தேநீர் நேரம் சண்டையிலேயே போனது. ‘கோழைகள்’ என்று ஒரு அண்ணன் சொன்னார்.

அவர்கள் உள்ளே பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்றால் நான் என்ன செய்திருப்பேன்? நானும் ஏணியைத்தான் தேடியிருப்பேன். பிளாஸ்டிக் சிலுவைக்காகப் பக்கத்து வீட்டுக்காரனை அடிப்பது கெத்சமனேயில் பேதுரு வாளை உருவி ஒருவன் காதை வெட்டிய கதைதான், அந்தக் காதை ஒட்டவைத்தது யார் என்று நமக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் அங்கே ஆராதனைக்கு வருவதுதான் சாட்சி. எங்கள் மாடியில் வெளியே சிலுவையே இல்லை, டயர் விளம்பரப் பலகைதான் இருக்கிறது.

உண்மையான ஆபத்து வந்தால் ஓடலாமா? ஓடினால் விசுவாசம் இல்லை என்று ஆகுமா?

ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடு என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், மத்தேயு 10:23. பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள்.

ரோமப் பேரரசன் டேசியஸ் 250-ஆம் ஆண்டு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கணும் என்று உத்தரவு போட்டான். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தில் இன்றும் கிடைத்திருக்கின்றன. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள் (நம்ம ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்). கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஒளிந்துகொண்டார், ஓடிப்போனவர் என்று ஏச்சும் வாங்கினார். எட்டு வருஷம் கழித்து, 258-இல், அதே சிப்ரியான் ஓடாமல் நின்று தலை வெட்டுப்பட்டார். ஓடியதும் நின்றதும் ஒரே ஆள்.

பினாங்குக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே குருமாணவர் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த சஸ்தான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கொரியாவுக்கு மாறுவேடத்தில் நுழைந்து, மறைந்து மறைந்து ஊழியம் செய்தார். 1839-இல் தங்களைத் தேடுகிற சாக்கில் விசுவாசிகளை வதைக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆயர் சொற்படி அவரும் இன்னொரு குருவும் தாங்களே போய்ச் சரணடைந்தார்கள். ஆயரோடு சேர்த்து மூவரையும் கொன்றார்கள். தன் உயிருக்காக ஒளியவில்லை, ஆட்டுக்காக ஒளிந்தார், அதே ஆட்டுக்காக வெளியே வந்தார்.

நம்ம காலத்திலும் இல்லாமல் இல்லை. பாஸ்டர் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் வண்டிகளால் மறித்துக் கடத்தப்பட்டார். இது வலுக்கட்டாயக் காணாமலாக்கல், பின்னால் போலீஸ் சிறப்புப் பிரிவு இருந்தது என்று 2019-இல் மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் சொன்னது. 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசையும் காவல்துறையையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அவருடைய மனைவி பிள்ளைகள் எட்டு வருஷத்துக்கு மேல் அமைதியாக, நீதிமன்றப் படியேறிக் கேட்டார்கள். சட்டத்தின் வழியாகக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லை, பவுலும் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டவர்தான்.

ஃபேஸ்புக்கில் நம்மைத் திட்டி எழுதுகிறார்கள். பதில் எழுதலாமா?

போனைக் கீழே வையுங்கள்.

வீட்டில் இந்துப் பையனைப் பார்த்துவிட்டார்கள். மறுத்தால் அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறார்.

நான் ஆண் பிள்ளை, இந்த வலி எனக்கு நேரடியாகத் தெரியாது. சபையில் அக்காமார் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பையனை நேரில் பார்த்து, ‘நான் விசுவாசி, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன், பிள்ளைகளையும் கூட்டிப்போவேன், உங்கள் வீட்டுப் பூஜையில் நிற்க மாட்டேன்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பாதிப் பேர் அன்றைக்கே விலகிவிடுவார்கள், பழி உங்கள் மேல் வராது. மறைத்துக் கட்டிக்கொண்டு பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், அது அந்தப் பையனுக்குச் செய்கிற துரோகம். அம்மாவின் பட்டினி இரண்டு நாளில் முடியும் என்று ஒரு அக்கா சொன்னார், அவர் அம்மாவுக்கு நான்கு நாள் ஆனதாம்.

நான் மறுதலித்துவிட்டேன். வீட்டில் அடித்தபோது ‘இனிமேல் போக மாட்டேன்’ என்று சாமி முன்னால் சத்தியம் பண்ணிவிட்டேன். திரும்பி வரலாமா?

வா தம்பி. டேசியஸ் காலத்தில் பலியிட்டவர்களையும் சான்றிதழ் வாங்கியவர்களையும் என்ன செய்வது என்று அந்தக் காலத்திலும் பெரிய சண்டை, கதவைச் சாத்து என்றவர்கள் இருந்தார்கள். மனம் வருந்தி வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சபை முடிவெடுத்தது. பேதுரு மறுதலித்ததும் கரிநெருப்புப் பக்கத்தில்தான், உயிர்த்தெழுந்த இயேசு அவருக்கு மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில்தான். முதலில் சாப்பிடக் கொடுத்தார், அப்புறம்தான் கேள்வி கேட்டார்.

படிக்கட்டில் தேநீர் இருக்கும். யாராவது முகம் சுளித்தால் என்னிடம் சொல்.

எவ்வளவு நாள்தான் காத்திருக்கணும்? வீட்டில் எப்போதாவது மாறுவார்களா?

தெரியாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு ஒவ்வொரு வருஷமும் திதிக்கு அம்மா வாழை இலையில் படைப்பார். நான் போவேன், முன் வாசலில் உட்கார்ந்திருப்பேன், எல்லாரும் சாப்பிடும்போது எனக்கு வெறும் காப்பி. ஐந்தாம் வருஷமோ ஆறாம் வருஷமோ, நைட் ஷிப்டு முடிந்து நேரே போனேன். படையல் முடிந்திருந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஒரு டிபன் கேரியரைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். ‘படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன். உனக்கு.’ உள்ளே சோறு, சாம்பார், அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், இரண்டு வடை.

சபைக்கு அவர் இன்னும் வந்ததில்லை. அன்றைக்கும் லேட்டாக வந்ததற்காக வடை கல்லாகிவிட்டது என்று பத்து நிமிஷம் திட்டினார். உண்மையிலேயே கல்லாகத்தான் இருந்தது, சாம்பாரில் ஊறவைத்துத் தின்றேன்.